கேமரா வேண்டாம், சென்சார் மட்டும்: வீட்டு நடமாட்டத்தைப் பதிவு செய்தால் உண்மையில் என்ன தெரியும்?

பொதிகைக்காற்று:

வணக்கம் நண்பர்களே. அம்மாவுக்கு 76 வயது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில், தங்கை ஷார்ஜாவில். எங்களோடு வந்து இருங்கள் என்ற பேச்சு பல வருடமாகப் பேசி முடிந்துபோனது. கேமரா வைக்கட்டுமா என்று கேட்டேன். "அத வச்சா நான் சேல மாத்தவும் முடியாது, ஒரு மூலையில உக்காந்து அழவும் முடியாது. வேண்டாம்ல" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

படம் எடுக்காத சென்சார்களைப் பற்றி யோசிக்கிறேன். அசைவு சென்சார், கதவு சென்சார் மாதிரி. வீடு ஒரே நேர்கோட்டில் போகும்: திண்ணை, தார்சா என்கிற முன்கூடம், பட்டாசல் என்கிற நடுக்கூடம், அதை ஒட்டி ஒரு படுக்கையறை, பிறகு அடுக்களை, புறவாசல். கழிப்பறை புறவாசலைத் தாண்டி, தனியாக.

எனக்குத் தெரியவேண்டியவை: காலையில் எழுந்துவிட்டாரா, சமைத்துச் சாப்பிட்டாரா, இரவில் எத்தனை முறை எழுகிறார், விழுந்தால் தெரியுமா. இவ்வளவையும் சென்சார் சொல்லுமா? யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா?

சர்க்யூட்_மணி:

சொல்லும், ஆனால் கடைக்காரர் சொல்கிற அளவுக்கு இல்லை. முதலில் சென்சார் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சாதாரண அசைவு சென்சாருக்கு பிஐஆர் என்று பெயர். உடம்பிலிருந்து வெளிவரும் வெப்பக் கதிரை வாங்கும் இரண்டு பாதிகள் உள்ளே இருக்கும். வெளியே தெரியும் வெள்ளைக் குமிழ் ஒரு லென்ஸ். அறையைப் பல துண்டுகளாகப் பிரித்துக் காட்டும். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் நகரும்போது இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஏற்படும் வித்தியாசத்தைத்தான் அது "அசைவு" என்கிறது. ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு அறை காலி. அம்மா ஈசிச்சேரில் சாய்ந்து ஒரு மணி நேரம் பத்திரிகை படித்தால் ஒன்றும் பதிவாகாது.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல். தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. மே மாதம் மதியம் ஓட்டு வீட்டுக்குள் சுவரும் அதே சூட்டில்தான் இருக்கும். வித்தியாசம் இல்லையென்றால் பிஐஆருக்குப் பார்வை மங்கும். குளிர்நாட்டில் சோதித்த தூரத்தைப் பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். இங்கே அதை நம்பவேண்டாம். சுவருக்குச் சுவர் தூரம் பார்க்காமல், ஆள் குறுக்கே கடக்கும் இடத்தில் பக்கமாக வையுங்கள்.

அசையாத ஆளைப் பிடிக்க ரேடார் சென்சார் இருக்கிறது. 24 கிகாஹெர்ட்ஸ், 60 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் கிடைக்கும். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூட உணரும். ஆனால் சீலிங் ஃபேன் சுற்றினாலும் "ஆள் இருக்கிறார்" என்று சொல்லும், திரைச்சீலை காற்றில் ஆடினாலும் சொல்லும். நம் வீட்டில் ஃபேன் நிற்கும் நேரம் எது? உணரும் தூரத்தை ஒவ்வொரு கட்டமாகக் குறைத்து, ஃபேன் இருக்கும் தொலைவை விலக்கி அமைக்கலாம். பொறுமை வேண்டும்.

எல்லாவற்றிலும் நம்பகமானது கதவில் வைக்கும் காந்த சுவிட்ச். ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடு. திறந்தால் திறந்தது, மூடினால் மூடியது. சந்தேகத்துக்கே இடமில்லை. உங்கள் வீட்டில் புறவாசல் கதவும் ஃபிரிட்ஜ் கதவும்தான் என் முதல் தேர்வு.

வடக்குத்தெரு:

பிஐஆர் மேல் பல்லி உட்கார்ந்தால்?

சர்க்யூட்_மணி:

அடிக்கடி நடப்பதுதான். லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் பெரிய ஆள் கடந்த மாதிரி பதிவாகும். எறும்பு உள்ளே புகுந்தாலும் அப்படித்தான். குழல்விளக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும்.

தரவுத்தேனீ:

ஆராய்ச்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் இந்த வகை டேட்டாவோடு வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் நிலைமைக்கு நெருக்கமான பழைய ஆய்வு ஒன்று 2004-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இம்மானுவேல் தாபியா, ஸ்டீபன் இன்டில், கென்ட் லார்சன் மூவரும் செய்தது. தனியாக வாழ்ந்த இரண்டு பெண்கள், ஒருவருக்கு 30 வயது, மற்றவருக்கு 80. ஒரு வீட்டில் 77, இன்னொன்றில் 84 சின்னச் சின்ன சென்சார்களை டிராயர், அலமாரி, ஃபிரிட்ஜ், கதவு என்று ஒட்டினார்கள். இரண்டு வாரப் பதிவு. கேமரா இல்லை, மைக் இல்லை. சமையல், குளியல், மருந்து எடுப்பது போன்ற செயல்களைக் கணினி எவ்வளவு சரியாக அடையாளம் கண்டது தெரியுமா? செயலையும் அளக்கும் முறையையும் பொறுத்து 25-லிருந்து 89 சதவீதம் வரை. அவ்வளவு சென்சார் ஒட்டியும் இவ்வளவு அகலமான இடைவெளி.

அடுத்தது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டயேன் குக் தலைமையில் நடக்கும் காசாஸ் திட்டம். பல வீடுகளின் பதிவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். வீடுகளுக்கு அரூபா, மிலான், கெய்ரோ என்று ஊர்ப்பெயர்கள். அரூபா வீட்டில் இருந்தவர் தனியாக வாழ்ந்த ஒரு பெண். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்துபோவார்கள். அந்தக் கோப்பின் முதல் வரியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

2010-11-04 00:03:50 | எம்003 | ஆன் | உறக்கம், தொடக்கம்

இந்த ஒரு வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நேரம், சென்சார் எண், ஆன் என்ற நிலை, இந்த மூன்றும்தான் சென்சார் தந்தவை. நள்ளிரவு தாண்டி மூன்று நிமிடம், படுக்கையறையில் ஏதோ அசைந்தது. "உறக்கம்" என்பது சென்சாருக்குத் தெரியாது. அதைப் பின்னால் ஒரு மனிதர் சேர்த்தார். அடுத்த பல மாதங்களுக்கு இதே மாதிரி லட்சக்கணக்கான வரிகள். சமையல், ஓய்வு, பாத்திரம் கழுவுதல், படுக்கையிலிருந்து கழிப்பறை என்று எல்லாச் சொற்களும் மனிதர்கள் எழுதிச் சேர்த்தவை. கணினி கற்றுக்கொள்வதே இந்தச் சொற்களை வைத்துத்தான்.

அதனால் என் பதில் இது. சென்சார் எங்கே, எப்போது என்று மட்டும் சொல்லும். என்ன என்று சொல்ல அந்த வீட்டில் வாழ்கிறவர் வேண்டும். உங்கள் அம்மா மூன்று மணிக்கு அடுக்களைக்குப் போனால், தண்ணீர் குடித்தாரா, மாத்திரை தேடினாரா, தூக்கம் வராமல் பாலுக்கு உறை ஊற்றினாரா, பூனையை விரட்டினாரா? கோப்பில் நான்கும் ஒரே வரி. அம்மாவிடம் கேட்காமல் இதைப் படிக்க நினைத்தால், நீங்கள் படிப்பது உங்கள் கவலையைத்தான்.

கல்யாணமுருங்கை:

இவ்வளவு நேரம் படித்தேன். ஒருவரும் அடிப்படைக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்த அம்மா கேமரா வேண்டாம் என்றார். ஏன் என்றும் சொன்னார்: அழுவதற்கு ஒரு மூலை வேண்டும். அதற்குப் பதிலாக, அவர் எந்த மூலையில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று எழுதும் பெட்டியை வைப்பது அந்த மறுப்பை மதிப்பதா, சுற்றிப்போவதா?

நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் மேசைக்கடியில் ஒருநாள் சின்னக் கறுப்புப் பெட்டி முளைத்தது. கேட்டதற்கு, மின்சாரச் சிக்கனம் என்றார்கள். கொஞ்ச நாளில் மேலாளர் "நீங்க சீட்டுலயே இருக்கறதில்லையே" என்று பேச ஆரம்பித்தார். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் எழுந்து போகவே பயந்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

வெளியிலும் இதே கதைதான். 2016 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை அலுவலகத்தில் மேசைக்கடியில் ஆக்யூப்ஐ என்ற சென்சாரைச் சொல்லாமல் பொருத்தினார்கள். ஊழியர்கள் கொதித்ததும் அதே நாளில் கழற்றிவிட்டார்கள். 2022-ல் பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களின் மேசைக்கடியில் வைத்தார்கள். மாணவர்களே பிடுங்கிப் பொதுக்கூடத்தில் அடுக்கி வைத்து எதிர்ப்பைக் காட்டினார்கள். நிர்வாகம் பின்வாங்கியது. "இது படம் எடுக்காது, வெறும் வெப்பம்தான்" என்ற விளக்கம் அங்கேயும் சொல்லப்பட்டது. ஒருவரும் ஏற்கவில்லை. படம் இல்லை என்பதால் மானம் காப்பாற்றப்பட்டது என்று ஆகாது.

பொதிகைக்காற்று:

அக்கா, கோபம் புரிகிறது. ஆனால் மேலாளரும் மகனும் ஒன்றா? அம்மா புறவாசல் படியில் விழுந்து இரவெல்லாம் கிடந்தால் எனக்கு யார் சொல்வார்கள்?

கல்யாணமுருங்கை:

ஒன்று இல்லை. மகனிடம் அன்பு இருக்கிறது, அதனால் அம்மாவால் இன்னும் மறுக்கமுடியாமல் போகும். அந்தக் கவலைதான் எனக்கு. மேலாளருக்கு எதிராகச் சங்கம் கூடலாம், மகனுக்கு எதிராக யார் கூடுவது? சட்டமும் உதவாது. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் தனிநபர் ஒருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாண்டால் அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது வீட்டுக்குள் நீங்கள்தான் சட்டம், தம்பி.

இன்னொன்று. அந்த வீட்டுக்கு வேலைக்கு ஒரு பெண் வருவாரா? அவர் எத்தனை மணிக்கு வந்தார், எந்த அறையில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதும் அதே கோப்பில் விழும். அவரிடம் யார் கேட்டார்கள்?

பொதிகைக்காற்று:

வருவார். அவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

வார்டு_எட்டு:

நான் செவிலியர், முதியோர் பிரிவில் பல வருடம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மருத்துவக் கண்ணால் எது பயன்படும் என்று மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மிசூரி மாநிலம் கொலம்பியா நகரில் டைகர்பிளேஸ் என்று ஒரு முதியோர் குடியிருப்பு இருக்கிறது. மிசூரி பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியோடு சேர்ந்தது. மர்லின் ரான்ட்ஸ் என்ற செவிலியர் பேராசிரியரும் மார்ஜரி ஸ்குபிக் என்ற பொறியாளரும் அங்கே குடியிருப்பவர்களின் சம்மதத்தோடு அறைகளில் அசைவு சென்சாரும் மெத்தைக்கடியில் படுக்கை சென்சாரும் வைத்துப் பல வருடம் ஆராய்ந்தார்கள். எனக்குப் பிடித்த விஷயம், எச்சரிக்கை வந்ததும் யாரும் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை. ஒரு செவிலியர் அந்தப் பதிவைப் பார்ப்பார், நேரில் போய்ப் பேசுவார், இந்த எச்சரிக்கை பயனுள்ளதா இல்லையா என்று மதிப்பெண்ணும் போடுவார். அதை வைத்து அடுத்த எச்சரிக்கையைத் திருத்துவார்கள்.

வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலோ எரிச்சலோ எப்போதும் தெரியாது. இரவில் அடிக்கடி எழுவார்கள், தூக்கம் கெடும், சிலருக்குத் திடீரென்று குழப்பம் வரும். விழும் அபாயமும் அந்த நேரத்தில் கூடும். வழக்கமாக இரவில் ஒரு முறை எழுகிறவர் தொடர்ந்து சில நாள் நான்கு முறை எழுந்தால் கேட்கவேண்டும். ஒருநாள் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். மாலையில் தர்பூசணி சாப்பிட்டிருக்கலாம், பிரஷர் மாத்திரையில் சிறுநீர் போகவைக்கும் மருந்தை டாக்டர் மாற்றியிருக்கலாம். உங்கள் அம்மாவை அவருடைய போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியோடு ஒப்பிடவே கூடாது.

நடை வேகமும் முக்கியம். ஒரெகன் மாநிலத்தில் ஜெஃப்ரி கே என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, நடைபாதைக் கூரையில் பார்வை குறுகிய சில சென்சார்களை வரிசையாக வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தது. ஆஸ்பத்திரியில் நடந்து காட்டச் சொன்னால் எல்லோரும் விறைப்பாக நடப்பார்கள். வீட்டில் தானாக நடக்கும் நடை வேறு. அதில் வாரக்கணக்கில் தெரியும் தளர்ச்சியும் ஏற்ற இறக்கமும் நினைவாற்றல் குறைவோடு தொடர்புடையவை என்று கண்டார்கள். உங்கள் வீடு நேர்கோட்டில் போகிறது, பட்டாசலிலிருந்து புறவாசல் வரை இதைச் செய்ய நல்ல அமைப்பு.

விழுவதைப் பற்றி: பிஐஆருக்கு விழுதல் தெரியாது. ஆனால் புறவாசல் கதவு இரவில் திறந்து, நீங்கள் வைக்கும் நேரத்துக்குள் அடுக்களையில் அசைவு வரவில்லை என்றால் ஃபோன் அடிக்கச் செய்யலாம். இந்த ஒன்றுக்காகவே வைக்கலாம்.

நிலாமுற்றம்:

ஜப்பானில் இதைவிடச் சின்ன வழி ஒன்று உண்டு. சோஜிருஷி நிறுவனம் 2001-ல் வெந்நீர் கெண்டி ஒன்றை இதற்காகவே தர ஆரம்பித்தது. பெரியவர் தேநீருக்குத் தண்ணீர் எடுக்கும்போது அது பதிவாகி, பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் போகும். அறையில் ஒன்றும் ஒட்டவேண்டாம். நம் வீட்டில் அதற்கு ஈடு எது என்று யோசித்தால், காலை ஃபில்டர் காபி போடும் அம்மாவுக்கு ஃபிரிட்ஜில் பால் எடுக்கும் கதவு. மணி சார் சொன்னதும் அதுதான்.

தரவுத்தேனீ:

கல்யாணமுருங்கை அக்கா சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். என் துறையில் அதற்கு நேர்மையாகப் பதில் சொன்ன ஒரு ஆய்வு நினைவுக்கு வருகிறது.

எம்ஐடியின் டெப் ராய் 2005-ல் தன் வீட்டுக் கூரைகளில் 11 கேமராவும் 14 மைக்கும் பொருத்தினார். பிறந்த மகன் பேசக் கற்றுக்கொள்வதை முழுமையாகப் பதிவு செய்ய. சுமார் 90,000 மணி நேர வீடியோ, 1,40,000 மணி நேர ஒலி சேர்ந்தது. குழந்தை தண்ணீரைக் 'காகா' என்று சொல்ல ஆரம்பித்து, மெல்ல மெல்ல 'வாட்டர்' என்று தேறிய ஆறு மாதமும் அதில் இருக்கிறது. 'வாட்டர்' என்ற சொல் அதிகமாக ஒலித்த இடம் சமையலறை, 'பை' என்ற சொல் வாசலருகே. பிறகு 2015-ல் வந்த ஆய்வில், குறிப்பிட்ட இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டியே வரும் சொற்களைக் குழந்தை சீக்கிரம் கற்கிறது என்று காட்டினார்கள்.

உங்களுக்குச் சொல்லவந்தது வேறு. அந்த வீட்டுச் சுவர்களில் சின்னத் திரைகள் இருந்தன. அவற்றைத் தொட்டுக் கேமராவையும் மைக்கையும் நிறுத்தலாம். "ஊப்ஸ்" என்று ஒரு பொத்தானும் உண்டு, அழுத்தினால் சற்றுமுன் பதிவானதை அழித்துவிடலாம். இத்தனைக்கும் அது ஆய்வாளரின் சொந்த வீடு. ஆனாலும் அங்கே வாழ்ந்தவர்களின் விரலுக்கு எட்டும் இடத்தில் நிறுத்தும் வசதி இருந்தது. நீங்கள் வாங்கப்போகும் எந்தப் பெட்டியிலாவது அம்மாவுக்கு அப்படி ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் மகனின் ஃபோனில்தான் இருக்கும். இந்தத் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன், அது வடிவமைப்பின் குறை, மாற்றியே ஆகவேண்டும்.

என் யோசனை: தார்சாவில் ஒரு சாதாரண சுவிட்ச். போட்டால் பதிவாகும், அணைத்தால் பதிவாகாது. அம்மா அணைத்தால் ஏன் என்று கேட்கக்கூடாது. வாரம் ஒருமுறை அந்த வாரப் பதிவை அம்மாவோடு ஃபோனில் உட்கார்ந்து படியுங்கள். அவர் சொல்லும் விளக்கத்தை அந்த வரிக்கு எதிரே எழுதுங்கள். எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியில் வைக்கலாம், அதற்கு ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் போதும், நிறுவனத்தின் சர்வருக்குப் போகவேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் பழையதை அழித்துவிடுங்கள், மொத்த எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும்.

கல்யாணமுருங்கை:

அந்த சுவிட்ச் உண்மையிலேயே வேலை செய்யும் என்றால், அணைத்ததற்காக ஒருநாளும் பேச்சு வராது என்றால், நான் எதிர்க்கமாட்டேன். வேலைக்கு வரும் அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் நேரத்தை வைத்து ஒருநாளும் சம்பளம் பேசக்கூடாது.

பொதிகைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன், தேனீ அண்ணன் எழுதிய அந்த ஒற்றை வரியையும் படித்துக் காட்டினேன். "அவ்வளவுதானா? அதுக்கு நான் எந்திரிச்சேன்னு மட்டும்தான தெரியும்? ஏன் எந்திரிச்சேன்னு என்கிட்டதான கேக்கணும்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப வை. ஞாயித்துக்கெழம காலையில கூப்பிடு, சொல்லுதேன்."

நிபந்தனைகளும் போட்டார். படுக்கையறையில் எதுவும் கூடாது. கழிப்பறைக்குள் கூடாது, புறவாசல் கதவு பரவாயில்லை. தங்கைக்கு இரவு விவரங்களைச் சொல்லக்கூடாது, அவள் அழுவாள். வேலைக்கு வரும் அக்காவிடம் அம்மாவே பேசிவிட்டார். அவருக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அவர் இருக்கும் நேரம் சுவிட்சை அணைத்துவைக்கலாம் என்று இருவரும் பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கும் அதில் சம்மதம்.

ஆக: புறவாசல் கதவு, ஃபிரிட்ஜ் கதவு, பட்டாசலில் ஒரு பிஐஆர், அடுக்களையில் ஒரு பிஐஆர், தார்சாவில் சுவிட்ச். ரேடார் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மணி சார், கடைசியாக ஒன்று. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். அப்போது என்ன ஆகும்?

சர்க்யூட்_மணி:

கதவு சென்சாரும் பிஐஆரும் ஜிக்பீ வகையில் வாங்குங்கள், அது குறைந்த மின்சாரத்தில் கம்பியில்லாமல் பேசும் முறை. காசு மாதிரி இருக்கும் பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் கவலையில்லை. சின்னக் கணினியையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல்லுங்கள். உள்ளூர் எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் ஃபேனையும் லைட்டையும் மட்டும்தான் அந்த லைனில் கொடுத்திருப்பார். பழைய வீட்டுச் சுவர் கனமாக இருக்கும், அடுக்களைப் பக்கம் சிக்னல் எட்டாது. நடுவில் ஒரு ஜிக்பீ பிளக்கை மாட்டினால் அது வாங்கி அனுப்பும், அதுவும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கவேண்டும்.

மிக முக்கியமானது இது: "அசைவு இல்லை" என்பதும் "தகவல் வரவில்லை" என்பதும் உங்கள் ஃபோனில் ஒரே மாதிரி தெரியக்கூடாது. கணினி சில நிமிடத்துக்கு ஒருமுறை உங்களுக்கு ஒரு சின்னக் குறி அனுப்பட்டும். குறி நின்றால் "இணைப்பு இல்லை" என்று தனி நிறத்தில் காட்டவேண்டும். சுவிட்ச் அணைத்திருந்தால் மூன்றாவதாக ஒரு நிறம். பேட்டரி குறைந்தாலும் முன்பே சொல்லவேண்டும். இல்லையென்றால் பிஎஸ்என்எல் கேபிள் அறுந்த ராத்திரியெல்லாம் நீங்கள் பெங்களூரிலிருந்து பஸ் பிடிப்பீர்கள். அதற்கு எதிர்வீட்டு எண் ஒன்றும் கையில் இருக்கட்டும். இந்த அமைப்புக்கான ஆட்டோமேஷன் கோப்பை எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன்.